மீன் லாரியில் போன சாக்கு

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நோட்டைத் திறந்து, இரண்டு வரி எழுதி, மூடி வைத்துவிட்டு மோட்டர் சைக்கிளைத் துடைக்கப் போய்விட்டேன். அப்படி இரண்டு முறை. மோட்டர் பளபளவென்று ஆனதுதான் மிச்சம். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தமிழில் கடைசியாக நீளமாக எழுதியது ஆறாம் ஆண்டில், என் செல்லப் பூனையைப் பற்றி ஒரு கட்டுரை. எங்கள் வீட்டில் பூனையே கிடையாது. வாத்தியார் நல்ல மார்க் போட்டார்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் ஊர் லூனாஸ் சாப்பாட்டுக் கடைகளில் இந்தக் கதை தப்பாக உலாவுகிறது. அதில் திருட்டு வேலை செய்தவன் என் நண்பன் என்று வருகிறது. அவன் மறுத்துப் பேச மாட்டான். அவன் வாயைத் திறப்பதே பசியாறுவதற்குத்தான். நான் வாயைத் திறந்துதான் எல்லாம் கெட்டது. ஆகவே நானே சொல்லி முடிக்கிறேன்.

நண்பன் அப்போது கையுறைத் தொழிற்சாலையில் ஒப்பந்த ஆள். அவன் நிற்கும் லைனை இரண்டு மாதத்தில் மூடப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் அம்மாவும் பள்ளிக்கூடம் போகும் இரண்டு தங்கைகளும். அவன் சம்பளம் நின்றால் அடுப்பும் நிற்கும். அந்த வாரத்தில்தான் சாப்பாட்டுக் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இலவச வெல்டிங் பயிற்சி, சனி ஞாயிறு, ஜோடியாக வரவும்.

“ஜோடியா வரவும்னா என்னடா? கல்யாணம் பண்ணி வைக்கிறாங்களா?” என்றேன்.

“ரெண்டு ரெண்டு பேரா தான் சொல்லித் தராங்களாம். நீ வா லா.”

“இலவசம்னு போட்ருக்கான். நம்பகிட்ட எதையோ எடுக்கப் போறான்.”

“உங்கிட்ட எடுக்க என்னடா இருக்கு?”

“கிட்னி இருக்கு. ரெண்டு.”

சிரித்தான். ஆனால் நான் பாதிதான் விளையாட்டாகச் சொன்னேன். எங்கள் தாமான் குடியிருப்பில் ஒருவன் வேலை தருகிறோம் என்றவர்களிடம் ஐசி என்கிற அடையாள அட்டையின் நகலைக் கொடுத்தான். அவன் பெயரில் யாரோ பேங்க் கணக்குத் திறந்து யாரையோ ஏமாற்ற, போலிஸ் வந்து நின்றது இவன் வீட்டு வாசலில். இன்னொருவன் வெளிநாட்டு வேலை என்று விமானம் ஏறி, அரை வருடம் கழித்துப் பாதி உடம்போடு திரும்பினான். அங்கே என்ன நடந்தது என்று இன்று வரை சொல்லவில்லை. என் அம்மா கைப்பேசியில் தெரியாத எண் வந்தாலே சாமி படத்தைப் பார்ப்பார். சந்தேகம் எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இருந்தாலும் போனேன். ஜோடி இல்லாமல் அவனைச் சேர்க்க மாட்டார்கள்.

வகுப்பு என்பது ஒரு பழைய லாரிப் பட்டறையின் பின்புறம் இருந்த தகரக் கொட்டகை. பக்கத்திலேயே செம்பனை. எட்டுப் பேர், நான்கு ஜோடி. சொல்லிக் கொடுக்க வரப்போவது மீசை வைத்த ஒரு அண்ணன் என்று நினைத்திருந்தேன். வந்தது ஒரு அக்கா. முப்பதுகூட இருக்காது. தடித்த நீலச் சட்டை, முழங்கை வரை தோல் உறை, முன்கையில் தீப்பொறி சுட்ட சின்னச் சின்னத் தழும்புகள். மெர்கோங்கில் வீடாம். வார நாளெல்லாம் வேறு எங்கோ வேலை செய்துவிட்டு, வாரக் கடைசியில் எங்களுக்காகப் பழைய குட்டிக் காடியில், அதாவது காரில், இவ்வளவு தூரம் வருகிறாராம்.

ஏன் வர வேண்டும்? எனக்கு அங்கேயே இடித்தது.

முதல் நாள் ஐசி நகல் கேட்டார்கள். நான் கொண்டு போகவில்லை. நண்பன்தான் என் ஐசியையும் வாங்கிக்கொண்டு டவுனுக்கு நகல் எடுக்க ஓடினான். அந்த நேரத்தில் அக்கா ஏதோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தார். நான் கொட்டகையின் கடைசியில், முகக் கவசத்தை மாட்டிக்கொண்டு அவர் காடி மேடேறும்போது இருமுவதுபோல் இருமிக் காட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த இருவர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் பத்து நிமிடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் வந்ததும் எல்லோரும் செய்வதுபோல் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் எழுதிக் கொடுத்தேன்: ‘வெல்டிங் வகுப்புக்கு மட்டும். கிட்னிக்கு இல்லை.’

அக்கா அதைச் சத்தமாகப் படித்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“கிட்னிக்கு இல்லைன்னு எழுதுனீங்க, சரி. கீழ கையெழுத்துப் போடலியே தம்பி? போடலன்னா செல்லாது.”

மற்ற ஏழு பேரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கே அவர்மீது எனக்கு ஒரு கடுப்பு.

வேலை இப்படித்தான். இரண்டு இரும்புப் பிளேட்டுகளை நடுவில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைப்போம். ஜோடியில் ஒருவன் அடியில் முதல் ஓட்டம் ஓட்டி அந்த இடைவெளியை மூட வேண்டும். மற்றவன் அதன்மேல் ஓட்டி முடிக்க வேண்டும். எங்கள் ஜோடியில் முதல் ஓட்டம் நான், மேல் ஓட்டம் அவன். முடிந்ததும் பிளேட்டின் ஓரத்தில் அவரவர் அடையாளத்தைக் குத்த வேண்டும். எனக்கு ஒரு புள்ளி, அவனுக்கு மூன்று. இரண்டு புள்ளியை வேறொருவன் முந்திக்கொண்டான்.

நண்பனுக்குக் கை உடனே வந்துவிட்டது. கையுறை லைனில் நின்று நின்று பழகிய அதே பொறுமை. அவன் மேல் ஓட்டம் முடித்துக் கசடைத் தட்டிவிட்டால், வரிசையாக அடுக்கிய காசுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த மாதிரி இருக்கும். நான் ஓட்டினால் கோழி கிளறிய மாதிரி இருக்கும். மூன்றாம் வாரம் அக்கா அவனிடம், “கோலா கெடா படகுப் பட்டறையில ஓர் ஆள் வேணுமாம். உன் கை நல்லா வருது. இன்னும் ரெண்டு வாரம் இப்படியே செய்” என்றார்.

அன்றிலிருந்து அவன் நடையே மாறியது. எனக்கோ சந்தேகம் கூடியது. ஆள் பிடிக்கிறவர்கள் எல்லாம் இப்படித்தானே ஆரம்பிப்பார்கள்?

இன்னொன்றும் இருந்தது. நாங்கள் செய்து முடித்த பிளேட்டுகள் எங்களிடம் இருந்ததே இல்லை. சாயங்காலம் அக்கா எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிடுவார். அடுத்த வாரம் வரும்போது அந்தச் சாக்கு வராது. ஆனால் யார் எங்கே தப்புப் பண்ணினார்கள் என்பதை மட்டும் பிட்டுப் பிட்டு வைப்பார். நான் ஓட்டியதன் உள்ளே ஊசி முனை அளவு ஓட்டை இருக்கிறது என்பார். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாததை எப்படிச் சொல்கிறார்?

“அந்த இரும்ப விக்கிறாங்கடா,” என்றேன் நண்பனிடம். “நம்ப கை வேலைய நம்பளுக்கே தெரியாம விக்கிறாங்க. இலவசம்னா இதான்.”

“கேட்டுப் பாரேன்.”

“கேட்டா உண்மையச் சொல்லுவாங்களா?”

“அப்ப கேக்காத. தள்ளு, கிரைண்டர எடுக்கணும்.”

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மோட்டரில் அவர் காடிக்குப் பின்னால் போனேன். அவ்வளவு மெதுவாகப் போகும் காடியின் பின்னால் ஒளிந்து போவது கஷ்டமான வேலை. இரண்டு முறை நானே முந்திவிட்டேன். எண்ணெய் நிலையத்தில் காடி நின்றது. அங்கே ஒரு மீன் லாரி காத்திருந்தது. பின்னால் காலி மீன் பெட்டிகள். ஓட்டுநர் இறங்கி வந்து எங்கள் சாக்கைத் தூக்கிப் பெட்டிகளுக்கு நடுவில் போட்டார். இருவரும் சிரித்துப் பேசினார்கள். லாரிக் கதவில் கோலா கெடா என்று எழுதியிருந்தது.

எல்லாம் பொருந்திவிட்டது. படகுப் பட்டறை என்றால் இதுதான். எங்கள் துண்டுகள் படகுக்குப் போகின்றன, எங்களுக்கு மட்டும் தெரியாது. சந்தேகம் சரியாகப் போகும்போது வரும் சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் மறைக்க மாட்டேன். வழியெல்லாம் விசிலடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பொறி வைத்தேன்.

பொறிக்கான வழியைச் சொல்லித் தந்ததே அக்காதான். சோம்பேறி வெல்டர்கள் சிலர், இடைவெளியை முழுதாக உருக்கி மூடாமல், அதற்குள் ஒரு வெல்டிங் ராடுத் துண்டைப் படுக்க வைத்து, மேலே மெல்லிசாக ஓட்டி மறைத்துவிடுவார்களாம். பார்க்க நன்றாக இருக்கும், பலம் இருக்காது. “உயிர் போனாலும் இதைச் செய்யக் கூடாது” என்று இரண்டு முறை சொன்னார். அவர் பாடத்தில் எனக்கு மனப்பாடம் ஆனது அது ஒன்றுதான்.

நண்பன் எல்லோருக்கும் ஐஸ் தண்ணீரைப் பையில் கட்டி வாங்கிவரக் கடைக்குப் போயிருந்தான். நான் ஒரு ராடை உடைத்து, மேல்பூச்சைத் தட்டிவிட்டு, இடைவெளிக்குள் படுக்க வைத்தேன். மேலே ஓர் ஓட்டம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. என் கணக்கு இதுதான்: வாங்கியவன் ஒரு நாள் இதைக் கண்டுபிடிப்பான், திட்டிக்கொண்டு வருவான், அக்காவின் குட்டு வெளிப்படும்.

நண்பன் வந்தான். என் முதல் ஓட்டத்தைப் பார்த்து, “டேய், இன்னிக்கு நல்லா வந்திருக்குடா” என்றான். கவசத்தை இறக்கிக்கொண்டு மேல் ஓட்டம் ஓட்டினான். அவன் அதுவரை ஓட்டியதிலேயே அழகான ஓட்டம் அது. ஓரத்தில் மூன்று புள்ளி குத்தினான். என் ஒரு புள்ளியையும் அவனே குத்தினான், நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால்.

அடுத்த சனிக்கிழமை அக்கா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. மேசையில் ஒரு துண்டை வைத்தார். எங்கள் பிளேட்டிலிருந்து அறுத்த பட்டை அது. லாடம் மாதிரி வளைத்திருந்தது. ஒட்டிய இடம் வாயைப் பிளந்திருந்தது.

“மூணு புள்ளி யாரு?”

நண்பன் முன்னால் போனான். பிளந்திருந்த இடத்தைப் பார்த்ததும் அவன் முகம் செத்துவிட்டது. “நான்தான்கா. மேல நான்தான் ஓட்டுனேன். கை ஆடியிருக்கும்கா.”

அக்கா அந்தத் துண்டை எடுத்து மேசையில் ஓங்கித் தட்டினார். உள்ளேயிருந்து ராடுத் துண்டு ஒன்று விழுந்து, உருண்டு, விளிம்பில் நின்றது.

“இது கை ஆடி வர்றது இல்ல தம்பி. கை வச்சு வர்றது.”

எனக்குப் பழக்க தோஷம். “ராடு தூங்குதுக்கா, எழுப்பாதிங்க” என்றேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நண்பன் திரும்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து என்னைப் பார்க்கும் கண்கள்தான். ஆனால் அன்று, ஐசி நகலைக் கேட்டவர்களை நான் பார்த்தேனே, அந்த மாதிரிப் பார்த்தான்.

“நான்தான் வச்சேன்,” என்றேன். மீன் லாரி, சாக்கு, விற்பனை எல்லாவற்றையும் கொட்டினேன்.

அக்கா கேட்டு முடித்தார். “வார நாள்ல நான் அந்தப் பட்டறையில தான் வெல்டர். உங்க துண்ட அங்க கொண்டு போய் அறுத்து, பிரஸ்ல வளைச்சுப் பாக்குறேன். வளைச்சா தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும். சாக்கு வெயிட்டுல என் காடி அடி தட்டுது, அதான் காலியாத் திரும்புற லாரில போடுறேன். இதெல்லாம் மொத நாளே சொன்னேன். நீ அப்ப இருமிக்கிட்டு இருந்த.”

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருவனிடமாவது நான் கேட்டிருக்கலாம்.

“சரி, நீ நெனச்ச மாதிரியே நான் வித்திருந்தேன்னு வை,” என்றார். “இந்தத் துண்டு இப்ப எங்க இருக்கும்? ஏதோ ஒரு படகுல, வலை இழுக்குற கருவிக்குக் காலா நிக்கும். அது ஒடைஞ்சா யார் மேல விழும்? என்னைப் பிடிக்கணும்னு யாரையோ போட்டுத் தள்ளப் பாத்திருக்க.”

விளிம்பில் நின்ற ராடுத் துண்டை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா குரலை இறக்கி நண்பனிடம் சொன்னார். பட்டறைத் தலைவர் முன்னால்தான் அந்தப் பட்டையை வளைத்தாராம். இவனுக்கு வேலை கேட்கத்தான், இவனுடைய மிக அழகான துண்டாகப் பார்த்து எடுத்துப் போனாராம். தலைவர் பிளவைப் பார்த்தார், புள்ளிகளைப் பார்த்தார். மூன்று புள்ளியும் வேண்டாம், ஒரு புள்ளியும் வேண்டாம் என்றுவிட்டார்.

“நீங்க ஒரு போன் பண்ணுங்கக்கா,” என்றேன்.

“நான் பண்ண மாட்டேன். என் பேச்ச நம்பி தான் அவரு அந்தத் துண்டையே பாத்தாரு. நீ போய்ச் சொல்லு.”

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை, அவனும் போகவில்லை. என் மோட்டரில் லூனாஸிலிருந்து கோலா கெடா. பின்னால் நண்பன். வழக்கமாக என் தோளைப் பிடித்துக்கொள்வான். அன்று பின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். நடுவில் தே தாரேக் குடிக்க நிறுத்தினேன். அவன் இறங்கவில்லை. நானும் குடிக்கவில்லை.

ஆற்றோரம் பட்டறை. மீன் வாடையும் சுட்ட இரும்பு வாடையும் கலந்து அடித்தது. அக்கா ஒரு படகின் அடியில் கவசத்தோடு குனிந்திருந்தார். எங்களைப் பார்த்தும் பாராததுபோல் வேலையைத் தொடர்ந்தார். தலைவர் ஒரு மலாய்க்காரர், சிவந்த கண், தொப்பி. வரும் வழியெல்லாம் மனதுக்குள் மலாயில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரில் நின்றதும் எல்லாம் பறந்துவிட்டது. ராடு வைத்தது நான், இவன் இல்லை, இவனுக்குத் தெரியாது. மூன்று வாக்கியம்தான் வந்தது.

அவர் நண்பனைக் கேட்கவில்லை. என்னையே பார்த்தார். ஏன் வைத்தாய் என்றார். அக்கா திருடுகிறார் என்று நினைத்தேன் என்றேன். அவர் படகுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டார்.

நண்பனிடம் இரண்டு பிளேட்டுகளைத் தள்ளினார். “புவாட் லாயின். டெபான் அக்கு.” வேறு செய், என் கண் முன்னால்.

நான் பழக்கத்தில் முதல் ஓட்டத்துக்குக் கையை நீட்டினேன். “ஹாங் டுடுக் சானா!” என்று அதட்டினார். நீ அங்கே உட்கார். ஒரு கவிழ்த்த மீன் பெட்டியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

இரண்டு ஓட்டத்தையும் நண்பனே ஓட்டினான். தொடங்கும் முன் கைப்பேசி விளக்கைப் போட்டு இடைவெளிக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி என் கையைப் பார்த்தான். நான் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறேன், அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு படகு நீளம் இருக்கிறது, என் இரண்டு கையும் முழங்காலில் இருக்கிறது. இருந்தும் பார்த்தான்.

ஆறியதும் பட்டையாக அறுத்துப் பிரஸ்ஸில் வைத்தார்கள். தலைவரே அழுத்தினார். இரும்பு மெல்ல மெல்ல வளைந்தது. படகின் அடியில் அக்காவின் தீப்பொறி நின்றுவிட்டதைக் கவனித்தேன். பட்டை லாடம் மாதிரி ஆனது. ஒட்டிய இடம் கீறல்கூட விடவில்லை. தலைவர் கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்து, இரண்டாவது பட்டையையும் வளைத்தார். அதுவும் தாங்கியது.

அடுத்த மாதம் வா என்றார் நண்பனிடம். எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை மட்டும் திரும்பக் கேட்டார்.

வரும்போதும் நண்பன் பின் கம்பியைத்தான் பிடித்திருந்தான். லூனாஸ் நெருங்கும்போது, “ஐஸ் தண்ணி வாங்க உன்னையே அனுப்பிருக்கணும்டா” என்றான். அது மன்னிப்பா திட்டா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவன் கோலா கெடாவில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்கிறான். நான் அக்காவின் அடுத்த வகுப்பில் மறுபடியும் முதலிலிருந்து படிக்கிறேன். சேர்த்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். ஐசி நகலை வாங்கிக் கோடு போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டு, உள்ளே போகச் சொன்னார். இந்த முறை எனக்கு ஜோடி இல்லை. இரண்டு ஓட்டமும் நானே. வாரா வாரம் என் துண்டை மட்டும் சாக்கில் போடாமல், அங்கேயே எல்லோர் முன்னாலும் அறுத்துக் காட்டுகிறார். புதிதாக வந்தவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். “அவனையே கேளு” என்கிறார். நான் சொன்னதை அவர்கள் வெளியே போய்ச் சொல்லிச் சொல்லித்தான் கதை கடைக்குக் கடை மாறிப் போனது.

நேற்று இதை எழுதி முடித்ததும் நண்பனுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். எல்லாத்தையும் எழுதிட்டேன்டா, தப்பு என் மேலனு தெளிவா போட்டிருக்கேன், உன்னப் பத்தி நல்லபடியா தான் இருக்கு, அனுப்பவா?

பதில் வந்தது.

“மொதல்ல அறுத்து, உள்ள என்ன வச்சிருக்கனு காட்டு.”